பிறவாதோர் கணக்கு

கொள்ளைநோய் ஒன்று ஒரு நாட்டிற்குள் புகுந்தவுடன் எண்ணத் தொடங்குவது இறப்பை. இன்று எத்தனை பேர் மாண்டனர், நேற்றைவிடக் கூடுதலா குறைவா என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. அரசுகள் அறிக்கை வெளியிடுகின்றன. நோய் தணிகிறது. கடைகள் திறக்கின்றன, மக்கள் தத்தம் தொழிலுக்குத் திரும்புகின்றனர். ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் கழித்து, எவரும் எதிர்பாராத வேளையில் மற்றொரு கணக்கு பிறப்புப் பதிவேட்டில் தோன்றுகிறது. சென்ற ஆண்டு இதே மாதத்தில் நூறு குழந்தைகள் பிறந்த ஊரில் இவ்வாண்டு எழுபது குழந்தைகளே பிறந்திருக்கக்கூடும். எஞ்சிய முப்பது பேருக்குப் பெயரில்லை. அவர்களுக்காக அழுதவரும் இல்லை. ஆயினும் நோயின் விளைவை முழுமையாக அறிய விரும்புவோர் அவர்களையும் எண்ணியாக வேண்டும்.

கொள்ளைநோய் பிறப்பைக் குறைக்குமா, பெருக்குமா என்னும் வினாவுக்கு ஒரே விடை கிடையாது. குறைத்ததும் உண்டு, பெருக்கியதும் உண்டு, ஒரே நாட்டில் ஒரு சாரார்க்குக் குறைத்து மறுசாரார்க்குப் பெருக்கியதும் உண்டு. எந்த நோய், அது எவ்வயதினரைத் தாக்குகிறது, குழந்தை வேண்டும் அல்லது இப்போது வேண்டா என்று ஒரு பெண் எண்ணினால் அவ்வெண்ணத்தை நிறைவேற்ற அவளுக்கு வழி இருக்கிறதா என்பனவற்றைப் பொறுத்தே விடை அமைகிறது. மருத்துவ வசதி குறைந்த, வளர்ந்து வரும் நாடுகளில் இந்த மூன்றாவது வினா பெரிதும் கூர்மை பெறுகிறது.

தெரிந்து தெளிவோம்

பிறப்பு வீதம் என்பது ஓராண்டில் ஆயிரம் மக்களுக்கு எத்தனை குழந்தைகள் பிறக்கின்றன என்பதைக் குறிக்கும். மொத்தக் கருவள வீதம் என்பது ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறக்கூடிய குழந்தைகளின் எண்ணிக்கை. 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவின் மொத்தக் கருவள வீதம் 2.0, தமிழ்நாட்டின் வீதம் 1.8.

இந்தியாவும் இன்ஃபுளுயன்சாவும்

முதல் உலகப்போரின் இறுதி ஆண்டான 1918இல் உலகெங்கும் பரவிய இன்ஃபுளுயன்சா காய்ச்சல், சூன் மாதத்தில் பம்பாய் வழியே இந்தியாவுக்குள் நுழைந்தது. முதல் அலை அத்துணைக் கொடியதாக இல்லை. செப்டம்பரில் எழுந்த இரண்டாம் அலையே ஊர்களைச் சூறையாடியது. அவ்வாண்டு தென்மேற்குப் பருவமழையும் பொய்த்திருந்தது. தானிய விலை ஏறி, அரைவயிற்றுக்கு உண்டு மெலிந்திருந்த மக்கள்மீது நோய் வந்து விழுந்தது. மாண்டோரின் தொகையை ஆய்வாளர்கள் பலவாறு கணிக்கின்றனர். 1 கோடியே 20 லட்சத்துக்குக் குறையாது என்பது பெரும்பாலோர் கருத்து. எண்ணிக்கையளவில் வேறெந்த நாடும் அந்நோய்க்கு இத்துணை உயிர்களைப் பலிகொடுக்கவில்லை. பிற்காலத்தில் இந்தியின் பெருங்கவிஞராகப் போற்றப்பட்ட சூரியகாந்த் திரிபாதி ‘நிராலா’ தம் இளம் மனைவியையும் உறவினர் பலரையும் அந்தக் காய்ச்சலில்தான் இழந்தார்.

அன்றைய சுகாதாரத் துறைப் பதிவுகள் நமக்குக் காட்டும் எண்கள் இவை. இயல்பான ஆண்டுகளில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 30ஆக இருந்த இறப்பு வீதம் 1918இல் 62ஆக உயர்ந்தது. 1917இல் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 39ஆக இருந்த பிறப்பு வீதமோ 1918இல் 35ஆகவும் 1919இல் 30ஆகவும் சரிந்தது. இறப்பின் உச்சம் 1918 அக்டோபர், நவம்பர் மாதங்களில் அமைய, பிறப்பின் வீழ்ச்சி அடுத்த ஆண்டில் அமைந்ததைக் கருதிப் பார்க்க வேண்டும். நோய் வந்து சென்ற ஆண்டு ஒன்று. அதன் நிழல் பிறப்பேட்டில் விழுந்த ஆண்டு மற்றொன்று.

இவ்வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. பொதுவாகக் காய்ச்சல்கள் குழந்தைகளையும் முதியவர்களையுமே மிகுதியாகக் கொல்லும். 1918ஆம் ஆண்டுக் காய்ச்சலோ 20 வயது முதல் 40 வயது வரையிலானவர்களைத் தேடித் தாக்கியது. குழந்தை பெறும் பருவம் அதுவே. உலகின் பல பகுதிகளில் ஆண்கள் மிகுதியாக மாண்டனர். இந்தியாவில் பெண்கள் மிகுதியாக மாண்டனர். வீட்டில் எல்லாரும் உண்டபின் எஞ்சியதை உண்டு, நோயுற்றோர் எல்லாருக்கும் பணிவிடை செய்து, இறுதியில் தாமும் படுத்த பெண்களின் நிலையை இவ்வெண்கள் சொல்லாமல் சொல்கின்றன. கருவுற்ற பெண்களுக்கு இக்காய்ச்சல் இரட்டைக் கேடு. அவர்களுள் இறந்தோர் பலர். பிழைத்தோரிலும் பலருக்குக் கரு கலைந்தது, அல்லது குழந்தை இறந்து பிறந்தது. வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் நோயிற் கிடக்க, பசியும் துயரமும் சூழ்ந்த அம்மாதங்களில் புதிதாகக் கருவுற்றோர் தொகையும் குறைந்தது.

நோய் நீங்கிய பின்னரும் நீங்காத காரணம் ஒன்று உண்டு. மனைவியை இழந்த ஆண் மறுமணம் செய்துகொண்டான். கணவனை இழந்த பெண்ணுக்குப் பல சாதிகளில் அவ்வழி அடைக்கப்பட்டிருந்தது. இருபது வயதில் கைம்பெண்ணானவள் அதன்பின் தாயாகவே இயலாது என்று ஊர் விதித்திருந்த காலம் அது. நச்சுயிரி ஒரு முறை செய்த கேட்டைச் சமூக வழக்கம் இருபது ஆண்டுகளுக்கு நீட்டித்தது எனலாம்.

இவ்வெண்களைக் கையாளுகையில் சற்று எச்சரிக்கை தேவை. பிறப்பு இறப்புகளைப் பதிந்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். சென்னை மாகாணச் சிற்றூர்களில் கிராம அதிகாரிகளும், வடபுலத்தில் சௌகிதார் எனப்பட்ட ஊர்க்காவலரும் அவ்வேலையைச் செய்தனர். எழுதுபவரே காய்ச்சலில் வீழ்ந்தால் அவ்வூரின் ஏடு வெறுமையாகிவிடும். ஆகவே, பிறப்பின் குறைவில் ஒரு பகுதி பிறவாமையாலும் ஒரு பகுதி பதியாமையாலும் நேர்ந்தது. எனினும் பதிவேட்டை மட்டும் நம்பாமல் மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு ஒப்பிட்டுப் பார்த்தாலும் உண்மை மாறவில்லை. இன்றைய இந்திய எல்லைக்குள் 1911இல் 25.2 கோடியாக இருந்த மக்கள்தொகை 1921இல் 25.1 கோடியாகக் குறைந்தது. இந்தியக் கணக்கெடுப்பு வரலாற்றில் மக்கள்தொகை குறைந்த பத்தாண்டு அஃதொன்றே. 1921ஆம் ஆண்டினைப் ‘பெரும் பிரிவினை ஆண்டு’ என்று பொருளியல் நூல்கள் குறிப்பிடுவதன் பின்னே, மாண்டோரோடு பிறவாதோரும் நிற்கின்றனர்.

வெறுமையான தொட்டில்

நோய் பெற்றோரைத் தாக்கினால் பிறப்பு குறைகிறது. குழந்தைகளைத் தாக்கினால் நேர்வது வேறு. தட்டம்மை, பெரியம்மை, வயிற்றுப்போக்கு ஆகியவை ஊருக்குள் வந்து வந்து சென்ற காலத்தில் பிறந்த குழந்தைகளுள் பலர் ஐந்து வயதைக் காணவில்லை. பால்குடிக் குழந்தை இறந்தால் தாய்க்குப் பாலூட்டல் நின்றுவிடும். தொடர்ந்து பாலூட்டும் வரையில் கருவுறுதலைத் தள்ளிப்போடும் இயற்கையின் தடையும் அதனோடு நீங்கிவிடும். அடுத்த கரு விரைவில் உண்டாகும். இஃது உடலின் இயல்பு. மனத்தின் கணக்கு ஒன்றும் உண்டு. இரண்டு பிள்ளைகள் முதுமையில் தாங்க வேண்டுமெனில் ஐந்தாறு பெற்றாக வேண்டும் என்று பெற்றோர் எண்ணினர். அதனை அறியாமை என்று இகழ்வது எளிது. அக்காலத்து இறப்பு வீதத்தை வைத்துப் பார்த்தால் அவர்கள் கணக்கில் பிழையில்லை.

எனவேதான் தடுப்பூசி பரவி, குழந்தை இறப்பு குறைந்த நாடுகளில் சில காலம் கழித்துக் கருவள வீதமும் குறைந்தது. அந்த இடைக்காலத்தில் இறப்பு குறைந்தும் பிறப்பு குறையாமல் மக்கள்தொகை விரைந்து பெருகும். இலங்கையே இதற்குச் சான்று. அங்கு 1934-35ஆம் ஆண்டுகளில் மலேரியா ஏறத்தாழ 80 ஆயிரம் பேரைக் கொன்றது. வழக்கமாக நீர் ஓடும் தென்மேற்குப் பகுதி ஆறுகள் மழையின்மையால் வற்றிக் குட்டைகளாகத் தேங்க, அக்குட்டைகளில் அனோபிலிஸ் கொசு பெருகியதே காரணம். இரண்டாம் உலகப்போருக்குப் பின் அங்கு டிடிடி மருந்து வீடுகளில் தெளிக்கப்பட்டது. ஆயிரத்துக்கு 20ஆக இருந்த இறப்பு வீதம் 1946, 1947 ஆகிய இரண்டே ஆண்டுகளுக்கிடையில் 14ஆக இறங்கியது. உணவு வழங்கலும் மருத்துவமனைகளும் மேம்பட்டதற்கு இதில் எத்துணைப் பங்கு என்பது குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. மலேரியா கருவுற்ற பெண்களை, சிறப்பாக முதற்கரு தாங்கிய பெண்களைக் கடுமையாகத் தாக்கும் நோய். நஞ்சுக்கொடியில் நோய்க்கிருமி தங்கிக் கருவின் வளர்ச்சியைக் கெடுக்கும். ஆகையால் அந்நோய் நீங்கியபோது இறப்பு குறைந்ததோடு, நலமாகப் பிறக்கும் குழந்தைகளின் தொகையும் கூடியது.

ஆப்பிரிக்காவும் எச்.ஐ.வி.யும்

இன்ஃபுளுயன்சா சில மாதங்களில் வந்து போவது. எச்.ஐ.வி. அவ்வாறன்று. உடலில் பல ஆண்டுகள் மறைந்திருந்து மெல்லக் கொல்வது. சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்க நாடுகளில் 1990களில் நடைபெற்ற ஆய்வுகள், தொற்றுடைய பெண்களின் கருவளம் தொற்றில்லாதவர்களைவிட 25 முதல் 40 விழுக்காடு வரை குறைந்திருந்ததைக் கண்டறிந்தன. அப்பெண்களுள் பெரும்பாலோர் தமக்குத் தொற்று இருப்பதையே அறியாதவர்கள். எனவே, இக்குறைவு அவர்கள் விரும்பி மேற்கொண்டதன்று. உடல் மெலிவு, கருச்சிதைவு, உடன்வந்த பிற பால்வினை நோய்கள், கணவனின் நோய், கணவனின் சாவு ஆகியன சேர்ந்து விளைத்தது.

இதன் பொருளியல் விளைவு குறித்து எழுந்த விவாதம் அறியத்தக்கது. அல்வின் யங் என்னும் பொருளியலாளர் 2005இல் தென்னாப்பிரிக்காவை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். எய்ட்சு நோயால் பிறப்பு குறையும். உழைப்போர் தொகை சுருங்கும். எஞ்சி வாழ்வோர்க்குத் தலைக்கு வருவாய் கூடும் என்பது அவர் வாதம். ‘இறப்போர் அளிக்கும் கொடை’ என்று பொருள்படும் தலைப்பையும் அதற்கு இட்டார். அடுத்து வந்த ஆய்வாளர்கள் அதனை ஏற்கவில்லை. ஜேன் போர்ட்சன் பல ஆப்பிரிக்க நாடுகளின் குடும்ப ஆய்வுத் தரவுகளை எடுத்து, நோய் மிகுந்த வட்டாரங்களையும் குறைந்த வட்டாரங்களையும் ஒப்பிட்டார். ஒட்டுமொத்தக் கருவளத்தில் நோயால் பெரிய மாற்றம் ஏதும் நிகழவில்லை என்று 2009இல் காட்டினார். தொற்றுடைய பெண்ணின் உடலில் கருவளம் குறைவது உண்மை. அதனால் நாடு முழுவதும் மக்கள் சிறுகுடும்பத்தை நாடினர் என்பதற்குச் சான்றில்லை. பிறவாத குழந்தையின் சோற்றைப் பங்கிட்டுப் பிறர் வளம்பெறுவர் என்னும் கணக்கு, தாளில் எளிதாக நிறைவேறும். தாயை இழந்த பேரக்குழந்தைகளைப் பாட்டியர் வளர்த்த ஆப்பிரிக்கச் சிற்றூர்களில் அவ்வளத்தைத் தேடிக் காண இயலவில்லை.

மருந்து வந்தபின் நிலைமை மாறியது. போட்சுவானா அரசு 2002இல் கூட்டு மருந்து சிகிச்சையை இலவசமாக வழங்கத் தொடங்கியது. சிகிச்சையின்றித் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று பரவும் வாய்ப்பு 15 முதல் 45 விழுக்காடு. முறையான சிகிச்சையால் அதனை 5 விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவரலாம். தாய்மையைக் கைவிட்டிருந்த பெண்கள் பலர் மீண்டும் அதனை எண்ணிப் பார்க்க முடிந்தது இதனால்தான்.

பிரேசிலில் ஒரு கொசு

இதுவரை கண்ட நோய்களில் பிறப்பு குறைந்தது பெரும்பாலும் உடலின் வழியாக. அச்சத்தின் வழியாகவும் பிறப்பு குறையும் என்பதைக் காட்டியது சிக்கா நச்சுயிரி. 1947இல் உகாண்டாவின் சிக்கா காட்டில் ஒரு குரங்கின் குருதியில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டமையால் அப்பெயர் பெற்றது. டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசுவே இதனையும் பரப்புகிறது. ஐவரில் நால்வர்க்கு அறிகுறியே தோன்றாது. தோன்றினாலும் இலேசான காய்ச்சலும் தடிப்பும் சில நாளில் மறைந்துவிடும். ஆகவே, 2015இல் அது பிரேசிலின் வடகிழக்கில் பரவியபோது எவரும் பெரிதாகக் கருதவில்லை.

அவ்வாண்டின் பிற்பகுதியில் பெர்னம்புகோ மாநிலத் தலைநகராகிய ரெசிபியின் மருத்துவர்கள், இயல்பைவிடச் சிறிய தலையுடன் குழந்தைகள் அடுத்தடுத்துப் பிறப்பதைக் கண்டனர். மூளை வளர்ச்சி குன்றிய அக்குழந்தைகளின் தாய்மார் பலர், கருவுற்ற தொடக்க மாதங்களில் தடிப்புடன் காய்ச்சல் வந்ததை நினைவுகூர்ந்தனர். நவம்பரில் பிரேசில் அரசு நெருக்கடி நிலையை அறிவித்தது. 2016 பிப்ரவரி 1ஆம் நாள் உலக நலவாழ்வு நிறுவனம் அதனைப் பன்னாட்டு அவசர நிலையாக அறிவித்தது.

தடுப்பூசி இல்லை, மருந்தும் இல்லை. அரசுகள் சொன்ன அறிவுரை ஒன்றே: கருவுறுதலைத் தள்ளிப்போடுங்கள். கொலம்பியா ஆறு முதல் எட்டு மாதம் பொறுக்கச் சொன்னது. எல் சால்வடோர் 2018 வரை, அதாவது இரண்டு ஆண்டுகள் பொறுக்கச் சொன்னது. எந்தச் சூழ்நிலையிலும் கருக்கலைப்பைக் குற்றமாகக் கருதும் சட்டமுடைய நாடு அது. இலத்தீன் அமெரிக்காவில் கருவுறுதல்களில் பாதிக்கும் மேற்பட்டவை திட்டமிடாதவை. கருத்தடைச் சாதனம் எளிதிற் கிடைக்காத, கணவனின் இசைவின்றி எதனையும் செய்ய இயலாத ஒரு பெண்ணிடம் இரண்டு ஆண்டுகள் கருவுறாதே என்று கூறுவது, குடையில்லாதவரிடம் நனையாதே என்று கூறுவதற்கு ஒப்பாகும்.

ஆயினும் பிறப்பு குறைந்தது. 2015இல் பிரேசிலில் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 30.2 லட்சம், 2016இல் 28.6 லட்சம். நோயின் மையமான பெர்னம்புகோவில் வீழ்ச்சி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. 2017இல் நாட்டின் எண்ணிக்கை மீண்டும் 29.2 லட்சமாக ஏறியது. அதாவது, பலர் தாய்மையைக் கைவிடவில்லை, ஒத்திவைத்தனர்.

ஒத்திவைக்க முடிந்தவர் யார் என்பதே இங்கு உயிரான வினா. லெட்டீசியா மார்டெலெட்டோ என்னும் சமூகவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் ரெசிபி, பெலோ ஒரிசோண்டே ஆகிய நகரங்களில் பல தரப்புப் பெண்களைக் குழுக்களாக அமர்த்திக் கலந்துரையாடினர். செல்வர், வறியர் என்னும் வேறுபாடின்றி அனைவரும் நோய்க்கு அஞ்சினர், தள்ளிப்போட விரும்பினர். விரும்பியதை நிறைவேற்றும் வாய்ப்பு வசதியுள்ள பெண்களிடமே மிகுந்திருந்தது. தனியார் மருத்துவரிடம் சென்று தமக்கேற்ற கருத்தடை முறையைப் பெறுவதற்கு அவர்களால் இயன்றது. ஏழைப் பெண்கள் அரசு நலவாழ்வு நிலையத்தில் மாத்திரை இருப்பு இல்லையென்று திரும்பினர். கொசுவும் இவ்வேற்றுமையை அறிந்தே செயற்பட்டது போலும். குழாயில் நாள்தோறும் நீர் வராத குடியிருப்புகளில் மக்கள் பீப்பாய்களில் நீரைச் சேமித்தனர். ஏடிஸ் கொசு முட்டையிடுவது அத்தகைய நீரில். நோய்க்கு மிக அருகில் வாழ்ந்தவர்களுக்கே அதிலிருந்து விலகும் வழி மிகக் குறைவாக இருந்தது.

பொய்த்த முன்கணிப்பு

2020இல் கொரோனா பரவி ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது பலர் எதிர்பார்த்தது பிறப்புப் பெருக்கத்தை. கணவனும் மனைவியும் வீட்டுக்குள். கருத்தடை நிலையங்கள் மூடப்பட்டுள்ளன. எனவே குழந்தைகள் மிகுதியாகப் பிறக்கும் என்பது எளிய தருக்கம். ஊரடங்கு ஆறு மாதம் நீடித்தால் வளர்ந்து வரும் நாடுகளில் 70 லட்சம் திட்டமிடாக் கருவுறுதல்கள் நேரலாம் என்று ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியம் அவ்வாண்டு ஏப்ரலில் கணித்தது. ஓராண்டு கழித்து, 14 லட்சம் நேர்ந்திருக்கும் என்று அந்நிறுவனமே மறுகணிப்பு வெளியிட்டது. கருத்தடைச் சேவைகள் அஞ்சிய அளவுக்கு நீண்ட காலம் தடைபடாமையே இவ்வேறுபாட்டிற்குப் பெருங்காரணம்.

பிலிப்பைன்ஸ் நாட்டில் முன்கணிப்பு தலைகீழாயிற்று. கூடுதலாக 2 லட்சத்து 14 ஆயிரம் குழந்தைகள் பிறக்கும் என்று அங்கு மதிப்பிடப்பட்டிருந்தது. 2019இல் 16.7 லட்சமாக இருந்த பிறப்புகள் 2020இல் 15.3 லட்சமாகவும் 2021இல் 13.6 லட்சமாகவும் இறங்கின. காரணத்தைத் திருமணப் பதிவேட்டில் காணலாம். 2019இல் 4.3 லட்சமாக இருந்த திருமணங்கள் 2020இல் 2.4 லட்சமாகச் சரிந்தன. வேலையிழப்பும் நாளை என்னாகுமோ என்னும் கவலையும் சேர, மணமானவரும் குழந்தையைத் தள்ளிப்போட்டனர். வீட்டில் அடைபட்டிருத்தல் மட்டுமே குழந்தைப்பேற்றுக்குப் போதுமானதன்று என்பதை முன்கணித்தோர் மறந்துவிட்டனர்.

சியரா லியோனின் மாணவியர்

நாட்டின் மொத்தப் பிறப்பு வீதம் சில வேளைகளில் உண்மையை மறைத்துவிடும். மேற்கு ஆப்பிரிக்காவில் 2014 முதல் 2016 வரை கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய நாடுகளில் எபோலா பரவி 11,300க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. கருவுற்ற பெண்ணை எபோலா தாக்கினால் கரு பிழைப்பது அரிதினும் அரிது. தொற்றுக்கு அஞ்சிப் பெண்கள் மருத்துவமனைக்கு வரவில்லை. குருதிப்போக்குடன் வந்த தாயைத் தொடச் செவிலியர் அஞ்சினர். அவ்வச்சத்திற்குக் காரணம் இருந்தது. மருத்துவப் பணியாளர் பலர் அவ்வாறு தொட்டே மாண்டனர்.

சியரா லியோனில் பள்ளிகள் ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் மூடிக் கிடந்து, 2015 ஏப்ரல் 14ஆம் நாள் திறக்கப்பட்டன. நோய்க்கு முன்னரே, 2013ஆம் ஆண்டு ஆய்வின்படி, அந்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர் தாயாகியோ கருவுற்றோ இருந்தனர். பள்ளி மூடிய மாதங்களில் இந்நிலை மேலும் மோசமாயிற்று. பெற்றோர் இறந்தனர், அல்லது வருவாய் இழந்தனர். உணவுக்கும் சிறு பணத்துக்கும் ஆடவரைச் சார்ந்திருக்கும் நிலைக்குப் பெண்பிள்ளைகள் தள்ளப்பட்டனர். வன்கொடுமைக்கு ஆளானோரும் இருந்தனர். பள்ளி திறந்தபோது பல ஆயிரம் மாணவியர் கருவுற்றிருந்தனர்.

இது தவிர்க்க முடியாத விதியா என்பதை அறிய அரியதொரு வாய்ப்பு ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது. வங்கதேசத்தைச் சேர்ந்த பிராக் என்னும் தொண்டு நிறுவனம் நோய்க்குச் சற்று முன்னர் சியரா லியோனின் சிற்றூர்கள் சிலவற்றில் இளம்பெண்களுக்கான மன்றங்களைத் தொடங்கியிருந்தது. மாலையில் கூடிப் பேசவும் உடல்நலம் பற்றி அறியவும் தொழில் கற்கவும் ஏற்ற பாதுகாப்பான ஓர் இடம், அவ்வளவே. ஓரியானா பண்டியேரா உள்ளிட்ட பொருளியலாளர்கள் மன்றம் இருந்த ஊர்களையும் இல்லாத ஊர்களையும் ஒப்பிட்டனர். எபோலாவால் கடுமையாகப் பாதிக்கப்பட்டு, மன்றமும் இல்லாத ஊர்களில் சிறுமியர் ஆடவரோடு கழித்த நேரம் கூடியிருந்தது. மணமாகாமல் கருவுறுதல் பெருகியிருந்தது. நோய்க்குப் பின் பள்ளிக்குத் திரும்பியோர் குறைந்திருந்தனர். மன்றம் இருந்த ஊர்களில் இக்கேடுகள் பெரும்பாலும் நிகழவில்லை. மருத்துவமோ பெருஞ்செலவோ இல்லாமல், கூடியிருக்க ஓர் அறை அவர்களைக் காத்தது.

அரசு மேற்கொண்ட வழி வேறு. பள்ளி திறந்த அதே வேளையில், கருவுற்றிருப்பது புலப்படும் மாணவியர் வகுப்பில் அமர்தலும் தேர்வு எழுதுதலும் கூடாது என்று கல்வித்துறை அறிவித்தது. அவர்கள் பிற மாணவியர்க்குத் தீய முன்மாதிரி ஆவர் என்பது சொல்லப்பட்ட காரணம். அவர்களைக் கருவுறச் செய்த ஆடவர் எவர்க்கும் அத்தகைய தடை விதிக்கப்படவில்லை. தனி வகுப்புகள் பின்னர் ஏற்படுத்தப்பட்டன. ஆனால் அவற்றில் பாடங்களும் குறைவு, நாள்களும் குறைவு. நோயால் தாயானவள் தடையால் கல்வியையும் இழந்தாள்.

தடையை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கில், மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு நீதிமன்றம் 2019 டிசம்பரில் அத்தடை பாகுபாடானது என்று தீர்ப்பளித்தது. 2020 மார்ச் 30ஆம் நாள் சியரா லியோன் அரசு அதனை நீக்கியது. கொரோனாவின் பொருட்டு அந்நாட்டுப் பள்ளிகள் மீண்டும் மூடப்பட்டதும் ஏறத்தாழ அதே நாள்களில்தான். அடுத்த ஆண்டு, கருவுற்ற மாணவியரும் குழந்தை பெற்றவரும் மாற்றுத்திறனாளிகளும் எல்லாப் பள்ளிகளிலும் பயிலும் உரிமையை உறுதிசெய்யும் கல்விக் கொள்கையை அந்நாடு வெளியிட்டது.